பொம்மைக்கு முதல் ஊசி: மருத்துவ மாணவர்களுக்கு சிமுலேஷன் எதற்கு?

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை முதல் லீவுக்கு ஊருக்கு வந்ததும் தெருவில் கேட்கிற கேள்வி, "ஊசி போடத் தெரியுமா தம்பி?" என்பதுதான். கும்பகோணமானாலும் சரி, வேதாரண்யமானாலும் சரி, கேள்வி மாறாது. முதல் வருஷம் முழுக்க உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை அசடு வழியச் சிரித்துவிட்டு நழுவப் பார்க்கும்.

ஆனால் அது நியாயமான கேள்வி. ஊசி போடக் கற்க வேண்டுமானால் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். யாருக்கு? எவ்வளவு கைராசிக்கார டாக்டராக இருந்தாலும் அவருக்கும் ஒரு முதல் ஊசி, முதல் தையல், முதல் பிரசவம் இருந்திருக்கும். அப்போது கட்டிலில் ஒருவர் படுத்திருந்திருப்பார். அவர் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியின் பொது வார்டுக்கு இலவச வைத்தியத்துக்கு வந்தவர்: நடவுக்குப் போகிற அம்மா, நெல் மூட்டை தூக்குகிற அண்ணன். காசு கட்டித் தனி அறையில் படுத்தவர் மேல் மாணவர் கை அநேகமாகப் படாது.

மருத்துவக் கல்லூரிகளில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு: ஒன்றைப் பார், ஒன்றைச் செய், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடு. சீனியர் செய்வதை ஒரு தடவை பார்த்துவிட்டால் அடுத்தது உன் முறை. இப்படிப் படித்து வந்த தலைமுறைகளில் அருமையான டாக்டர்கள் எத்தனையோ பேர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கை பழகும் வரை வலியைத் தாங்கியது யார் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். என் கணக்கில் சிமுலேஷன் வேண்டும் என்பதற்கு முதல் காரணமே இதுதான். தொழில்நுட்பமெல்லாம் அப்புறம்.

சரி, சிமுலேஷன் என்றால் என்ன? நோயாளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்மையையோ, ரப்பர்க் கையையோ, நோயாளி மாதிரி நடிக்கிற ஆளையோ, கணினித் திரையையோ வைக்கிறார்கள். வார்டில் நடப்பதைப் போலவே ஒரு சூழ்நிலையை உண்டாக்கி, மாணவரைச் செய்யவிடுகிறார்கள். முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து, நடந்ததைப் பேசுகிறார்கள். இந்தக் கடைசிப் பகுதி இல்லையென்றால் அது பொம்மை விளையாட்டோடு நின்றுவிடும். கல்லூரிகளில் அதிகம் விட்டுப்போவதும் அதுதான்.

டெல்டாப் பிள்ளைகள் வாய்க்காலில் வாழைமரத் துண்டைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகுவார்கள். ஆழம் தெரியாத ஆற்றில் எடுத்த எடுப்பில் யாரும் இறக்கிவிட மாட்டார்கள். (தூக்கி ஆற்றில் போட்டுவிட்டுக் கரையில் நின்று சிரிக்கிற மாமாக்களும் உண்டு. மேலே சொன்ன பழைய முறை அதுதான்.) சிமுலேஷன் அந்த வாழைமரத் துண்டு. ஆற்றைத் தாண்ட அது போதாது, கைகால் அடிக்கப் பழக அது வேண்டும்.

ரப்பர்க் கையில் டிரிப்ஸ்

எளிய உதாரணத்திலிருந்து தொடங்குவோம். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடுகிற பிளாஸ்டிக் குழாயைக் கேன்யுலா என்பார்கள். வார்டில் அதற்கு வென்ஃப்ளான் என்ற பேர்தான் புழக்கம். அளவுக்கு ஒரு நிறம்: மஞ்சள் பச்சைக் குழந்தைக்கு, நீலம் மெல்லிய நரம்புக்கு, பிங்க் சாதாரணமாகப் பெரியவர்களுக்கு, பச்சையும் சாம்பலும் ரத்தமோ திரவமோ வேகமாக ஏற்ற வேண்டிய அவசரத்துக்கு. "பச்சை ஒன்னு போடுப்பா" என்று கேஷுவாலிட்டியில் குரல் வந்தால் ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பின் கடைசியில் வார்டில் பயிற்சி பார்க்கிற டாக்டர், கையில் பதினெட்டாம் நம்பர் ஊசி இருக்க வேண்டும்.

பொம்மைகளை வைத்துக் கை பழகுகிற அறையான ஸ்கில் லேபில் இதற்கென்று ஒரு ரப்பர்க் கை இருக்கும். தோலுக்கு அடியில் மெல்லிய குழாய்கள் ஓடும். பக்கத்து ஸ்டாண்டில் சிவப்புக் கலர் கரைத்த தண்ணீர்ப் பை தொங்கும். கட்டுப்பட்டை கட்டி, விரலால் தடவி நரம்பைத் தேடி, ஸ்பிரிட் துடைத்து, அது காயும் வரை பொறுத்து, தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பதினைந்திலிருந்து முப்பது பாகை சாய்வில் ஊசியை நுழைக்க வேண்டும். ஊசியின் பின்பக்கத்து அறையில் சட்டென்று சிவப்பு தெரியும்.

புதிதாகப் போடுகிறவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சிவப்பைக் கண்ட சந்தோஷத்தில் அப்படியே அழுத்தித் தள்ளினால் ஊசி நரம்பின் மறுசுவரையும் துளைத்துக்கொண்டு போய்விடும். நிஜக் கையாக இருந்தால் அடுத்த நிமிஷம் அந்த இடம் புடைத்து நீலம் பாய்ந்திருக்கும். செய்ய வேண்டியது என்னவென்றால், சிவப்பு தெரிந்ததும் சாய்வைக் குறைத்து, ஒரு நூல் மட்டும் முன்னே தள்ளி, பிறகு ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் குழாயை மட்டும் வழுக்கி உள்ளே விட வேண்டும். அந்த 'ஒரு நூல்' எவ்வளவு என்று எந்தப் புத்தகத்தாலும் காட்ட முடியாது. விரலுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். கட்டுப்பட்டையை அவிழ்க்காமலே ஊசியை உருவிவிடுவார்கள். மேஜையெல்லாம் சிவப்புத் தண்ணீர். சுற்றி நிற்கிற பையன்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை அப்படி நனைந்தவர் வார்டில் பட்டையை அவிழ்க்க மறப்பது அபூர்வம். ரப்பர்க் கைக்கு வலிக்காது. பத்தாவது தடவை குத்தினாலும் முகம் சுளிக்காது. மாணவருக்கும் கை நடுங்காது. நடுக்கம் இல்லாமல் கற்ற விரல் அசைவு பின்னால் நடுக்கத்தோடும் வேலை செய்யும்.

இப்படி ஒரு உறுப்பை மட்டும் செய்து வைத்த மாதிரிகள் நிறைய உண்டு: சிறுநீர்க் குழாய் போட ஒரு இடுப்புப் பகுதி, பிரசவம் பார்க்க ஒரு இடுப்பெலும்புக் கூடு, மூச்சுக் குழாய் போட ஒரு தலை. முழு உருவப் பொம்மைகள் வேறு ரகம். அவற்றில் நெஞ்சு ஏறி இறங்கும், நாடி துடிக்கும், கண் பாப்பா சுருங்கும், ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரைச்சல் கேட்கும். விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும்.

சுரைக்காயும் தாமரைத் தண்டும்

இது அமெரிக்காவிலிருந்து நேற்று இறங்கிய சரக்கு என்று நினைக்க வேண்டாம். சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. வெட்டப் பழகப் பூசணியும் சுரைக்காயும் வெள்ளரிக்காயும். நரம்பைக் குத்தப் பழகத் தாமரைத் தண்டும் செத்த விலங்கின் ரத்தக் குழாயும். தையலுக்குத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போடப் பழகத் துணியால் செய்த ஆள் பொம்மை. சாஸ்திரம் முழுக்கப் படித்தவனானாலும் இப்படிப் பழகாதவன் வேலைக்கு ஆக மாட்டான் என்று அந்த அத்தியாயம் அடித்துச் சொல்கிறது. சப்பாத்தி உருட்டுகிற மாதிரி வீடியோ பார்த்தே எல்லாம் கற்றுவிடலாம் என்று நினைக்கிற இன்றைய பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் அஞ்செலிக் து குத்ரே என்ற மருத்துவச்சி, துணியும் தோலும் பஞ்சும் வைத்து ஒரு பிரசவப் பொம்மை செய்தார். 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னர் அவரை நாடெங்கும் போய்க் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க அனுப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அந்தப் பொம்மையைத் தொட்டுத் தடவிக் குழந்தை திரும்பும் விதத்தைக் கற்றார்கள்.

நம் காலத்துக் கதை 1960-ல் தொடங்குகிறது. நார்வேயில் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்த ஆஸ்முண்ட் லார்டால், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையைப் பழக ஒரு பொம்மை செய்தார். பேர் ரெசசி ஆன். அதன் முகம், பாரிஸின் செய்ன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பேர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பிலிருந்து எடுத்தது. உலகத்தில் அதிகம் பேர் முத்தமிட்ட முகம் என்று அதைச் சொல்வார்கள். 1968-ல் மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டன், இதயச் சத்தங்களைக் கேட்கப் பழகுவதற்கு ஹார்வி என்ற பொம்மையை அறிமுகப்படுத்தினார். விமானிகளுக்குத் தரையிலேயே பறக்கக் கற்றுக்கொடுக்கும் கருவியை எட்வின் லிங்க் 1929-லேயே செய்திருந்தார். குழுவாக வேலை செய்வது எப்படி என்பதை விமானிகளிடமிருந்து மயக்க மருந்து டாக்டர்கள் எடுத்துக்கொண்டது பின்னால் நடந்தது.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் 2019-ல் சேர்ந்தவர்களிலிருந்து மாறியது. எதைப் படித்தாய் என்பதோடு எதைச் செய்யத் தெரியும் என்பதையும் கேட்கிற பாடத்திட்டம் அது. அதையொட்டி ஸ்கில் லேப் ஒவ்வொரு கல்லூரிக்கும் கட்டாயமானது. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளோடு, 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த பதினொன்றில் ஒன்றான நாகப்பட்டினமும் சேர்ந்து, டெல்டாவில் இப்போது நிறையப் பிள்ளைகள் படிக்கிறார்கள். மேற்கே திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் கல்லூரியும் இருக்கிறது. இத்தனை மாணவர்களும் நேராக வார்டில்தான் முதல் தடவை கை வைக்க வேண்டும் என்றால், ஒரே நோயாளியின் வயிற்றை ஒரு காலையில் எத்தனை பேர் அமுக்கிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மருந்தடித்துவிட்டு வந்தவர்

ஊசி போடுவது ஒரு கையின் வேலை. ஒரு நோயாளியைச் சுற்றி ஐந்து பேர் நின்று வேலை செய்வது வேறு வித்தை. சிமுலேஷனின் முழுப் பலன் அங்கேதான் தெரியும். டெல்டாவுக்கு ஏற்ற ஒரு காட்சியைப் பார்ப்போம்.

அறையில் முழு உருவப் பொம்மை, லுங்கி சட்டையோடு. சட்டை ஈரம். பக்கத்தில் மானிட்டர். ஐந்து ஹவுஸ் சர்ஜன்கள். ஆரம்பிக்கும் முன் ஆசிரியை இரண்டு நிமிஷம் பேசுகிறார்: இது பரீட்சை இல்லை, மார்க் கிடையாது, இங்கே நடப்பது இந்த அறையோடு சரி, பொம்மையை நிஜ ஆளாகவே நினைத்துக்கொள்ளுங்கள், எந்த மருந்து எந்த டிராலியில் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த முன்பேச்சு இல்லாமல் உள்ளே தள்ளிவிட்டால் பிள்ளைகள் அவமானத்துக்குப் பயந்தே பாதி யோசிக்க மறந்துவிடுவார்கள்.

பிறகு கதவு திறக்கிறது. மனைவியாக நடிக்கிற சிஸ்டர் பதறிக்கொண்டு வருகிறார். "புகையானுக்கு மருந்தடிச்சுட்டு வந்து திண்ணையில படுத்தாரு சார். கொஞ்ச நேரத்துல வாயெல்லாம் நுரையா வருது. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்குறாரு." மானிட்டரில் நாடி 48, ரத்த அழுத்தம் 90-க்கு 60, ஆக்சிஜன் 84. கண்ணில் டார்ச் அடித்தால் பாப்பா குண்டூசி முனையாக இருக்கிறது. நெஞ்சில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம்.

பூச்சிமருந்து விஷம் என்று ஐந்து பேருக்கும் தெரிந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வாக இருந்தால் எல்லோரும் மார்க் வாங்கியிருப்பார்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் ரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடிக்கிறார்கள். ஒருவர் கையுறை இல்லாமல் ஈரச் சட்டைமேல் குனிகிறார். தலைமாட்டில் நிற்பவர் "அட்ரோபின் போடுங்க" என்று மேலே பார்த்துச் சொல்கிறார். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து அதுதான். நான்கு பேருக்கும் கேட்கிறது, ஒருவரும் நகரவில்லை. மற்றவர் போடுவார் என்று நினைத்துவிட்டார்கள். சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. தோல் வழியாக மருந்து இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.

ஒருவழியாக ஒரு மாணவி அட்ரோபின் எடுக்கப் போகிறார். நம் ஊரில் அது 0.6 மில்லிகிராம் கண்ணாடி ஆம்பியூலாக வரும். முதல் தவணைக்கே மூன்றிலிருந்து ஐந்து ஆம்பியூல் வேண்டும். ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு தெளியவில்லையென்றால் இரண்டு மடங்கு, அதற்கும் அசையவில்லையென்றால் அதிலும் இரண்டு மடங்கு. கணக்குப் போடுவது சுலபம். பத்து, இருபது ஆம்பியூலின் கழுத்தை ஒவ்வொன்றாக ஒடித்து, உறிஞ்சி, காற்றைத் தள்ளி, செலுத்துவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஒடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். விரலில் கண்ணாடி கிழித்துவிடும் வேறு. ஆம்பியூல் ஒடிக்கவே தனியாக ஒருவரை நிறுத்த வேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்தின் அட்டவணையிலும் கிடையாது. இந்தக் காட்சியை ஒரு தடவை செய்த குழுவுக்கு அது மறக்காது.

காட்சி முடிந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருகிறார்கள். டீப்ரீஃபிங் என்று இதைச் சொல்கிறார்கள். காட்சி பத்து நிமிஷம் என்றால் இதற்கு இருபது, முப்பது நிமிஷம் ஒதுக்க வேண்டும்.

நல்ல ஆசிரியர் "சட்டையைக் கழற்றத் தெரியாதா?" என்று ஆரம்பிக்க மாட்டார். முதல் கேள்வி, "எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு மேம். கை ஓடல."

மனதில் இருப்பது வெளியே வந்து ஆறட்டும். அதற்கப்புறம், என்ன நடந்தது என்று வரிசையாக அவர்களையே சொல்ல வைக்கிறார். தலைமாட்டில் நின்றவர் சொல்கிறார்: "அட்ரோபின் போடச் சொன்னேன் மேம். யாரும் போடல."

"யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் யோசிக்கிறார். "பொதுவா சொன்னேன் மேம்."

"சரி, சொன்னது போட்டாச்சான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"தெரியல மேம். போட்டுட்டாங்கன்னு நினைச்சுட்டேன்."

இந்த நான்கு வரிப் பேச்சில் கிடைப்பது ஒரு மணி நேர லெக்சரில் கிடைக்காது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வேலையைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடித்ததும் முடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கேட்க அற்பமாகத் தோன்றும். நடு ராத்திரி கேஷுவாலிட்டியில் பல தவறுகள் இந்த அற்ப விஷயத்தில்தான் நடக்கின்றன. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க மறந்ததைத் தானே சொல்லுகிறார். அட்ரோபின் போதுமா என்று தீர்மானிக்க முதலில் கேட்க வேண்டியது நுரையீரலைத்தான். நாடியும் அழுத்தமும் கூடச் சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

பேசி முடித்ததும் அதே காட்சியை இன்னொரு தடவை செய்யவிட வேண்டும். இதைப் பல இடங்களில் செய்வதில்லை, நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பாதி சமைத்து இறக்கிய மாதிரிதான் படுகிறது. இரண்டாவது தடவையில் சட்டை முதல் நிமிஷத்திலேயே கழன்றுவிடும். தவறு செய்தவர்களுக்குத் தாங்கள் திருந்தியதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும்.

இதே போலப் பாம்புக்கடிக்கும் காட்சி அமைக்கலாம். வயல் வேலை நடக்கிற ஊரில் அது கட்டாயம் வேண்டும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை. விஷமுறி மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் தடித்து அழுத்தம் இறங்கினால், மருந்தை நிறுத்தித் தொடையில் அட்ரினலின் போடுவது. அந்த இரண்டாவது கட்டத்தை வார்டில் கற்றுக்கொள்ள யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

புடவையில் எவ்வளவு ரத்தம்

பிரசவத்துக்குப் பின் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அது ஆபத்துக் கணக்கில் சேரும். ஆனால் வார்டில் ரத்தம் அளவு குடுவையில் போகாது. புடவையில், பஞ்சில், கட்டில் விரிப்பில், தரையில் போகும். பார்த்த மாத்திரத்தில் மதிப்பிடுகிறவர்கள், ரத்தம் அதிகமாகப் போகும்போது, பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். இதைப் பழகுவதற்குப் பொம்மைகூட வேண்டாம். பழைய நூல் புடவை, சிவப்புக் கலர்த் தண்ணீர், அளவு ஜாடி போதும். ஒரு துணியில் 300, இன்னொன்றில் 800, கிட்னி டிரே (வார்டில் புழங்குகிற வளைந்த சிறு தட்டு) விளிம்பு வரை ஒன்று என்று ஊற்றி வரிசையாக வைத்து, ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு விடையைச் சொல்ல வேண்டும். நிரம்பிய கிட்னி டிரே ஏறக்குறைய 500 மில்லி என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தவர், தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை மாதிரி எந்நேரமும் பிரசவம் நடக்கிற இடத்தில் டூட்டி பார்க்கும்போது அந்த அளவைத் தானாக மனசில் எண்ணிக்கொள்வார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொம்மை எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கற்கலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆராய்ச்சிகள் அதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. எதைக் கற்கிறோமோ அதற்கு வேண்டிய அளவு நிஜம் இருந்தால் போதும். தையலுக்கு கறிக்கடையிலிருந்து வாங்கிய ஆட்டுக்காலோ, தோலோடு கூடிய பன்றிக்காலோ, ஒன்றுமே கிடைக்காவிட்டால் வாழைப்பழத் தோலோ ஆகும். வாழைப்பழத் தோல் ஒரு நல்ல வாத்தியார்: முடிச்சை இழுத்துக் கட்டினால் கிழிந்துவிடும், நோயாளியின் தோலும் அப்படித்தான், சொல்லாது. நெஞ்சில் குழாய் போடப் பழக ஆட்டு விலா, எலும்புக்குள் ஊசி போடப் பழகக் கோழித் தொடை எலும்பு. ஸ்கேன் பார்த்து ஊசி செலுத்தப் பழகக் கடற்பாசி காய்ச்சி ஊற்றிய கட்டி. கும்பகோணம் மார்க்கெட்டில் ஒரு பையோடு சுற்றினால் பாதி ஸ்கில் லேப் கிடைத்துவிடும்.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். டெல்டாவில் ஒரு கல்லூரியில் லட்சக்கணக்கில் வாங்கிய பொம்மை பாலித்தீன் உறை பிரிக்காமலே நின்றது. உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் சாவி கிடைக்கும். மாணவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். என்னைக் கேட்டால், தேய்ந்து கிழிந்த ரப்பர்க் கைதான் ஒரு ஸ்கில் லேப் நன்றாக நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

நடிக்கிற நோயாளி

பேச்சுக்குப் பொம்மை ஆகாது. கெட்ட செய்தி சொல்வது, குடிப்பழக்கம் பற்றிக் கேட்பது, ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்குவது எல்லாம் மனுஷனிடம்தான் பழக வேண்டும். 1963-ல் அமெரிக்காவில் நரம்பியல் டாக்டர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்க ஆளைப் பயிற்றுவிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன், மாணவர்கள் மேஜை மேஜையாக நகர்ந்து ஒவ்வொன்றிலும் சில நிமிஷம் ஒரு வேலையைச் செய்து காட்டும் தேர்வு முறையை வெளியிட்டார். ஆஸ்கி என்று இப்போது எல்லாக் கல்லூரியிலும் புழங்குவது அதுதான். பெல் அடித்தால் அடுத்த மேஜை.

நம் ஊரில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. ரிட்டயர்டு வாத்தியார்கள், நாடகம் போடுகிறவர்கள், மருத்துவமனை ஊழியர்களே போதும். திருவையாறு பக்கத்துப் பெரியவர் மாதிரி உட்கார்ந்து, "ரெண்டு நாளா வாயு பிடிச்ச மாதிரி இருக்கு தம்பி, சோடா குடிச்சும் போகல" என்று ஆரம்பித்தால், மாரடைப்பாக இருக்குமோ என்று மாணவருக்குத் தோன்ற வேண்டும். "வலி எங்க ஐயா? கை பக்கம் இழுக்குதா? வேர்த்துச்சா? நடந்தா கூடுதா?" என்று கேட்கத் தெரிய வேண்டும். மருத்துவத்தை ஆங்கிலத்தில் படித்தவருக்கு இந்த நான்கு கேள்வியை மரியாதையோடு, அவசரப்படாமல் கேட்பதற்கே பழக்கம் வேண்டும். முடிந்ததும் நடித்த பெரியவரும் பேசலாம்: "நீங்க என் முகத்தைப் பார்க்கவே இல்ல தம்பி, பேப்பரையே பார்த்தீங்க." இதை ஆசிரியர் சொல்வதைவிட அவர் வாயால் கேட்டால் தைக்கும்.

எங்கே நிற்க வேண்டும்

மாணவரின் திறமையை நான்கு படியாகப் பிரித்து ஜார்ஜ் மில்லர் 1990-ல் எழுதினார்: தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்ட முடியும், நிஜத்தில் செய்கிறார். புத்தகமும் எழுத்துத் தேர்வும் முதல் இரண்டு படி. சிமுலேஷன் மூன்றாவது படி வரை தூக்கிவிடும். நான்காவது வார்டில்தான்.

பொம்மைக்கு வேர்க்காது, அதற்கு வாடை கிடையாது. அதன் மகள் கதவோரம் நின்று அழ மாட்டாள். எழுபது வயது அம்மாவின் நரம்பு விரலுக்கடியில் உருண்டு ஓடுவதை எந்த ரப்பர்க் கையும் காட்டாது. அது போக, பொம்மையிடம் கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். கையுறை போடாமல் போட்ட மாதிரி பாவனை செய்வது, "சம்மதம் வாங்கிட்டதா வச்சுக்குவோம்" என்று தாண்டிப் போவது. பாவனையாகப் பழகியதை வார்டிலும் பாவனையாகவே செய்வார்கள். அதனால் லேபிலும் கையுறை நிஜமாகப் போட வேண்டும், பொம்மையிடம் பேர் கேட்டுத்தான் தொட வேண்டும். வெளியே நின்று பார்க்கிறவருக்குச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

இன்னொரு ஆபத்து, வந்துவிட்டது என்ற நினைப்பு. செய்த பயிற்சிகளைக் குறித்து வைக்கிற லாக் புக்கில் கையெழுத்து விழுந்ததும் கை அதை ஞாபகம் வைத்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. இதயம் நின்றுபோனவருக்குச் செய்கிற நெஞ்சழுத்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, பெரியவர்களுக்கு 5-லிருந்து 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப வேண்டும், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. பயிற்சி முடித்த அன்று அச்சு பிசகாமல் செய்கிறவர்களே மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆழமும் வேகமும் தவற ஆரம்பிக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை முழு நாள் பயிலரங்கம் நடத்தி, பிரியாணியோடு சர்டிபிகேட்டும் கொடுப்பதைவிட, மாதம் ஒரு தடவை ஐந்து நிமிஷம் பொம்மை முன் மண்டியிடுவது பயன்.

ஆகவே இப்போது சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு: இரண்டாம் வருஷம் வார்டு போஸ்டிங் தொடங்கும் முன்பே ரப்பர்க் கையோடு பழகிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் செய்ய, மற்றவர் படிகளைப் பட்டியல் வைத்துச் சரிபார்க்கட்டும், பிறகு மாறிக்கொள்ளுங்கள். ஹவுஸ் சர்ஜன் டூட்டி தொடங்குவதற்கு முந்தின வாரம் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற பை), நெஞ்சழுத்தம், பச்சை வென்ஃப்ளான், காலி ஆம்பியூல் ஒடிப்பது எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று பாருங்கள். லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அநேகமாகப் பூட்டியிருக்கும்.